வாயசைப்பு

பிரச்சார வேனின் கூரைத் திறப்பில் மாசிலாமணியை நிறுத்தி, இடுப்பில் பெல்ட் போட்டுக் கம்பியோடு கட்டியிருந்தார்கள். ஊர் ஊராகப் போர்த்திய சால்வைகள் அதை மறைத்திருந்தன. ஒலிபெருக்கியில் கணீரென்று பேசியது பத்து வருஷத்துக்கு முந்தைய அவருடைய குரல். அதற்கு வாயசைப்பதுதான் எண்பத்தாறு வயதுத் தலைவருக்கு மிச்சமிருந்த வேலை.

நான்காவது ஊரில் கால்கள் மரத்துப்போயின. தலையைக் குனிந்து, "என்னைய எறக்கி விடுடா" என்றார். கீழே அவர் முழங்கால்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மகன் இளஞ்சேரன், "இன்னும் மூணே ஊருதாம்ப்பா. நீங்க நின்னாப் போதும்" என்றான்.

அவர் வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டார். குரல் நிற்கவில்லை, ஆட்சிக்கு வந்தால் செய்யப்போவதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனது. கூட்டம் கண்டுபிடித்துவிடும், கல்லெறிந்தாவது தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று காத்திருந்தார்.

முன்வரிசையில் ஒருவன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், தலைவரப் பாருடா! வாயத் தொறக்காமயே பேசுறாரு!"

தெருவே கைகூப்பியது.

"உங்களை விட்டு நான் எங்கே போவேன்?" என்றது அவருடைய குரல்.