லூஸான நாலு திருகு

"இன்னா பாய் இது? ஒரு மாசம் வெச்சிருந்து ரிப்பேர் பண்ணிக் குடுத்த. மூணு நாள் தாங்கலியே!"

பஞ்சாட்சரம் போட்ட சத்தத்தில், திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஜமீல் அகமதுவின் முகம் சுண்டிப்போனது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பதில் பேர் வாங்கியவர் அவர். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான், பழைய ரேடியோக்கள் சேகரிக்கும் சூர்யபிரகாஷ் அரக்கோணத்திலிருந்து ஒரு பை நிறைய ரேடியோக்களோடு வந்து கடைக்குள் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இன்னும் முப்பது இருக்கிறதாம். இந்த வேலை பிடித்துவிட்டால் அத்தனையும் ஜமீலுக்குத்தான்.

"குடுங்க நைனா, பார்க்கறேன்."

"இன்னாத்த பார்க்கப் போற? காலைல திருப்பதி ஸ்டேஷன் வெச்சா மூச்சு பேச்சு இல்ல. பொதட்டூர்பேட்டைல எங்க தெரு பூரா உன்னப் பத்திப் பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன். என்னத்தான் சொல்லணும்!"

பஞ்சாட்சரத்தின் பின்னால் அவருடைய மாப்பிள்ளை பரணிதரன் நின்றிருந்தார். சென்னையில் இன்ஜினியர். கல்யாணமாகி முதல் ஆடி என்பதால் மாமனார் வீட்டு விருந்துக்கு வந்திருக்கிறார். இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜமீல் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினார்.

உள்ளே நாலு சின்னத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஒரு குட்டித் திருகு. பார்த்தால் லூசாக இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் இறுக்கக் கூடாது. காதால் கேட்டுக் கேட்டு, ஸ்டேஷன் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, அசையாமல் இருக்க மேலே மெழுகு வைப்பார் ஜமீல்.

இப்போது மெழுகைக் காணோம். நாலு திருகும் அடிவரை இறுகிக் கிடந்தன.

"உள்ள யார்னா கை வெச்சாங்களா நைனா? இந்தத் திருகுங்கள இறுக்கவே கூடாது. அதனாலதான் ஊமையாயிடுச்சு."

"எங்க வூட்ல யார் கை வெப்பாங்க? நீ ஒழுங்கா செய்யாம, எங்க தலைல கட்டாத!"

வாய்தான் கத்தியது. கண் ஒரு தடவை மாப்பிள்ளை பக்கம் போய்விட்டு வந்து, ஜமீலிடம் கெஞ்சியது.

ஜமீலுக்குப் புரிந்துவிட்டது. சூர்யபிரகாஷைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் முப்பது ரேடியோ. சொல்லாவிட்டால் ஒரு மாமனாரின் மானம்.

"ஆங்... என் தப்புதான் நைனா. மெழுகு சரியா வெக்காம வுட்டுட்டேன்."

சூர்யபிரகாஷ் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நான் அப்புறமா வரேங்க."

அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எப்போது வந்திருக்கிறார்கள்?

"மாப்ள, நீங்க போயி டீ சாப்பிட்டு வாங்க. பாய் முடிக்க அரை மணி ஆவும்" என்றார் பஞ்சாட்சரம்.

பரணிதரன் நகர்ந்ததும் அவர் குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"மன்னிச்சிடு பாய். நேத்து மத்தியானம் லேசா கரகரன்னுது. எனக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சு மாப்ள அவரே தொறந்துட்டாரு. நான் தூங்கற மாதிரி படுத்துகினு பார்த்துகினே இருந்தேன்."

"வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"மொத ஆடிக்கு வந்த மாப்பிள்ளைய, ஸ்க்ரூ டிரைவர கீழ வைன்னு எப்படிச் சொல்றது? காலைல பாடலன்னதும், மெக்கானிக் தப்புன்னு வாய்ல வந்துடுச்சு. நானும் வரேன் மாமான்னு அவர் வண்டிய எடுத்துட்டாரு. இங்க வந்து மாத்திப் பேச முடியுமா?"

"உங்க மாப்பிள்ளைக்கு மரியாதை வேணும். எனக்கு வேணாமா நைனா?"

பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜமீலுக்கு மனசு கசந்ததுதான். இருந்தாலும் ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு திருகையும் அரை சுற்று, கால் சுற்று என்று தளர்த்தினார். அரை மணியில் திருப்பதி ஸ்டேஷன் கணீரென்று தெலுங்கு பேசியது.

பஞ்சாட்சரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேடியோவை வாங்கிக்கொண்டு, வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் பரணிதரன் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கையில் சூர்யபிரகாஷின் பை. பின்னாலேயே சூர்யபிரகாஷ்.

"பாய், சார் ரயில்வே ஸ்டேஷனுக்கே போயிட்டார். ஓடிப் போய், திருகைக் கெடுத்தது நான்தான், உங்க மேல தப்பே இல்லன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சூர்யபிரகாஷ் சிரித்தார். "இதை முதல்ல பாருங்க. மீதி முப்பதையும் அடுத்த வாரம் கொண்டு வரேன்."

ஜமீல் பையை வாங்கி மேஜைமேல் வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"இறுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதுமே என் வேலைதான்னு தெரிஞ்சிடுச்சு. மாமா உங்ககிட்ட கண்ணால கெஞ்சினது ஷோகேஸ் கண்ணாடில தெரிஞ்சுது. நான்தான்னு அங்கயே ஒத்துக்கிட்டா, அவர் சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் ஆயிடுமே!"

ஜமீல் வாசலைப் பார்த்து, "நைனா! இங்க வாங்க, உங்க மாப்பிள்ளை..." என்று சந்தோஷமாக ஆரம்பித்தார்.

பரணிதரன் அவசரமாக அவர் கையைப் பிடித்தார்.

"ஐயோ, சொல்லிடாதீங்க பாய்! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே அவர் நெனச்சுட்டு இருக்கட்டும். பாவம், ராத்திரி என் பக்கத்துல உக்காந்து நிம்மதியா சாப்பிடணும் இல்ல?"