படப்பை வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ்

“இன்னாம்மா, ஏழு தட்டு வெச்சா டிக்கி மூடுமா, மூடாதா?”

ஆட்டோவிலிருந்து சீர்வரிசைத் தட்டுகளை இறக்கிக்கொண்டே கேட்டார் துளசிங்கம். கூடவே பட்டுப்புடவையில் மனைவி பச்சையம்மா.

வெண்ணிலாவுக்கு வியர்த்தது. தாம்பரத்து எலெக்ட்ரிக் கார் ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்து மூன்று மாதம். விற்றது பூஜ்யம். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு புக்கிங்காவது வராவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் காலையில்தான் கத்தியிருந்தார்.

“சார், டெஸ்ட் டிரைவ்னா அஞ்சு கிலோமீட்டர்தான்...”

“படப்பைல பேத்திக்குக் காது குத்தும்மா. ஒருதபா சார்ஜ் போட்டா முந்நூறு கிலோமீட்டர்னு போர்டு வெச்சிகீறீங்க. படப்பை வரைக்கும் போவாதா? குடும்பத்தோட, லக்கேஜோட ஓட்டிப் பார்த்தாதானே தெரியும்?”

இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவரிடம் எப்படி மறுப்பது? துளசிங்கம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, வெண்ணிலா பின்சீட்டில் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முடிச்சூர் ரோடு முழுக்கக் கேள்விகள்.

“மழைல இங்க முட்டி வரைக்கும் தண்ணி நிக்குமே, ஷாக் அடிக்காது?”

“அடிக்காது சார். பேட்டரி ஃபுல்லா சீல் பண்ணியிருக்கு.”

“பேட்டரி பூட்டுச்சுன்னா?”

“எட்டு வருஷம் வாரண்டி சார்.”

ஆனால் மனிதர் ஓட்டிய அழகே அழகு! ஒரு பட்டனைக்கூடத் தேடவில்லை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி உருளும் வேகத்திலேயே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார். ஏசியைக் குறைத்துக் கிலோமீட்டரை மிச்சம் பிடித்தார்.

“சூப்பரா ஸ்டடி பண்ணிட்டு வந்திருக்கீங்க சார்!”

“வண்டின்னா தெரிஞ்சிக்கினுதானே தொடணும்?”

வெண்ணிலா மனசுக்குள் புக்கிங் ஃபார்மை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

காது குத்து விசேஷத்தில் அவளுக்கும் இலை போட்டார்கள். பாயசம் இரண்டு தடவை வந்தது. பச்சையம்மா மட்டும் சாப்பிடும்போதும் கணவரின் போனையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது டிக்கியில் ஓர் அரிசி மூட்டை ஏறியது.

“லோடு டெஸ்ட்மா,” என்றார் துளசிங்கம், கூசாமல்.

மூன்று மணிக்கு ஷோரூம் வாசலில் மேனேஜர் முறைத்துக்கொண்டு நின்றார். வெண்ணிலா ஓடிப்போய் ஃபார்மும் பேனாவுமாகத் திரும்பினாள்.

“வண்டி பிடிச்சிருக்கா சார்?”

“கண்ண மூடிக்கினு வாங்கலாம்மா! ஒரு குறை கிடையாது.”

“அப்போ உங்க பேரை எழுதிடட்டுமா சார்? இன்னிக்கு ஒரு புக்கிங் இல்லேன்னா எனக்கு வேலை இல்ல. ப்ளீஸ் சார்.”

துளசிங்கம் தலையைச் சொறிந்தார். பேனாவைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் ‘டிங்’ என்றது.

போனை எட்டிப் பார்த்த பச்சையம்மா முகமெல்லாம் பல்லாகக் கூவினாள்:

“ஏங்க, பச்சை லைட்டு வந்துட்சு! வூட்ல நம்ம காரு ஃபுல் சார்ஜ். இந்தப் பொண்ண உட்டுட்டு வாங்க, சாயங்காலம் கல்யாணத்துக்கு அதுலயே பூடலாம்!”