மூணு ஜெராக்ஸ்

“மெஷின் சொன்னதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பு இல்லைங்க.”

கவுன்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் குக்கர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்குச் ‘சிடுமூஞ்சி’ என்றே பெயர். சும்மாவா வைத்தார்கள்!

எதிரே கட்டுப்போட்ட கையோடு டெய்லர் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூடி திறக்கலைன்னு உங்க ஆப்லதானே இவ கேட்டா? ‘பலமா திருப்புங்க’ன்னு உங்க ஏஐதானே சொல்லுச்சு? உள்ளே ஆவி அடங்கிடுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா? திருப்பினதும் ஆவி அடிச்சுக் கை வெந்துபோச்சு. இப்போ இவளால கத்திரி பிடிக்க முடியலை. கை பழையபடி ஆகணும்னா இன்னும் ஆறு மாசம் வைத்தியம் பார்க்கணுமாம். யாருங்க பொறுப்பு?”

“அது அப்படிச் சொல்லுச்சுன்னு ஆதாரம் இருக்கா?”

இல்லை. ஆப்பில் அந்தப் பேச்சே அழிந்துபோயிருந்தது. போன் பண்ணினபோதெல்லாம், ‘எங்க ஏஐ அப்படிச் சொல்லவே சொல்லாது’ என்று ஒரே சாதிப்பு.

“தேதி, நேரம் சொல்லுங்க.”

டெய்லர் சொன்னாள். சிடுமூஞ்சி அவளுடைய கட்டுப்போட்ட வலது கையை ஒரு தரம் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். கடகடவென்று ஒரு கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினாள்.

“நிராகரிச்சாச்சு. மூணு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குங்க. அடுத்தது யாரு?”

வெளியே வந்ததும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கசக்கப் போனான் புருஷன். டெய்லர் இடது கையால் பிடுங்கிக்கொண்டாள்.

“வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறா!” என்று பொருமினான் அவன். “ இதுக்கு ஜெராக்ஸ் வேறயா? ஃபிரேம் போட்டு மாட்டறதுக்கா?”

அவள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாள்.

“யார் எது சொன்னாலும் செஞ்சுடுவியா? ஒரு தரம் சுட்டது போதாதா?”

“அந்த மெஷினுக்கு முகமும் இல்லை, கண்ணும் இல்லை. இவங்க என் கையைப் பார்த்துட்டுச் சொல்றாங்க.”

மறுநாள் வக்கீல் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார்.

“‘தாங்கள் குறிப்பிட்ட நாளில், காலை 10.40க்கு, எங்கள் ஏஐ உதவியாளர் தங்களிடம் “பலமாகத் திருப்புங்கள்” என்று கூறியது எங்கள் பதிவில் உள்ளது. ஆயினும், அது இயந்திரம் தானாகக் கூறியது என்பதால் நிறுவனம் பொறுப்பேற்காது. தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’”

படித்து முடித்தவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“அம்மா, மெஷினைக் கூண்டுல ஏத்த முடியாது. அதைப் பேச வெச்சவங்கதான் பதில் சொல்லணும். நம்மகிட்ட இல்லாம இருந்தது ஆதாரம் ஒண்ணுதான். அதைக் கம்பெனியே முத்திரை குத்திக் கொடுத்திருக்கே! நாளைக்கே நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போட்டுடலாம். கோர்ட்டுக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. இதை மூணு ஜெராக்ஸ்...”

புருஷன் பையிலிருந்து மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“சார்... இதனால கவுன்டர்ல இருந்த அந்த அம்மா வேலைக்கு ஆபத்து ஒண்ணும் வந்துடாதே?”

வக்கீல் சிரித்தார்.

“எப்படிங்க வரும்? கம்பெனி சொன்ன மாதிரி நிராகரிச்சுத்தானே இருக்காங்க!”