மூத்தவள் இருக்கும் தொட்டி

லூர்துராஜின் முதல் மனைவி புளோரா இறந்து மூன்று வருடமாகிறது. ஆனால் அவள் உடம்பின் நுண்ணுயிர்கள் மட்டும் கூடத்துத் தொட்டியில், ஒரு கடற்பஞ்சுக்குள் உயிரோடு குடியிருந்தன. அவை சுரக்கும் நீரைத் தினமும் ஒரு கரண்டி குடித்தால்தான் அவனுக்கு மூச்சு சீராக வரும்.

குடிப்பதோடு விட்டானா? "என்ன புளோரா, தூங்குனியா?" என்று கண்ணாடியைத் தட்டிக் கொஞ்சுவான். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஜெசிந்தாவுக்கு வயிறு எரியும்.

"பஞ்சுகிட்ட என்ன கொஞ்சல்? நான் ஒருத்தி இங்க நிக்கது கண்ணுக்குத் தெரியலையோ?"

"அவ இல்லன்னா நான் இல்ல புள்ள."

அந்த 'அவ'வைத்தான் ஜெசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. வழிக்கு வேண்டிய நீரைக் குப்பியில் எடுத்துக்கொண்டு அவன் வெளியூர் போயிருந்தபோது தொட்டியைக் கம்பளியால் மூடிவைத்தாள். வெளிச்சம் படாவிட்டால் அந்த உயிர்கள் சுரக்காது என்பது அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்தவன், கம்பளியை விலக்கி, சுரப்பில்லாத வெறும் தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டி குடித்தும் மூச்சுத் திணறிச் சரிந்தான். உதடு நீலம் பாரித்தது. தான் மூடிவைத்ததால்தான் இந்த வினை என்று ஜெசிந்தா பதறிப்போய்த் தொட்டியை வெயிலுக்கு இழுத்தாள்.

"யக்கா, கோவம்னா என்னைய ஏசுங்க. அவுகளுக்குக் குடுங்க யக்கா!"

சற்று நேரத்தில் பஞ்சு சுரக்கத் தொடங்கியது. அதை அள்ளி அவன் வாயில் ஊற்றினாள். மூச்சு திரும்பியது. கண் திறந்தவன் முதலில் கேட்டான்:

"புளோரா நல்லாருக்காளா?"

"இருக்காக, இருக்காக. அவுகளுக்கு என்ன கேடு?" என்றாள் ஜெசிந்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.