ஆயுத பூஜைப் படம்

"அந்தப் படத்த இப்பவே அழிம்மா!"

பட்டாசு ஆலை முதலாளி ராஜபாண்டியன் போட்ட சத்தத்தில், சிவகாசியின் அந்தச் சிறிய வெப் டிசைன் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

கம்ப்யூட்டர் முன் இருந்த பானுப்பிரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய ஆலையில் நான்கு வருடம் பட்டாசுச் சரம் பின்னியவள். பிறகு ஆறு மாதம் வெப் டிசைன் படித்து இந்த வேலைக்கு வந்திருந்தாள். அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"எதுக்கு சார் அழிக்கணும்? 'எங்கள் தொழிலாளர்கள்'னு வெப்சைட்ல போடச் சொல்லி நேத்து நீங்க குடுத்த ஆயுத பூஜைப் படந்தான?"

"நடுவுல ஒருத்தி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு. போன மாசம் வெடி விபத்துல செத்தவ. அவ எங்க ஆளே இல்லன்னு, விபத்த விசாரிக்கிற ஆபீசருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். இது கண்ணுல பட்டா என் லைசென்ஸ் என்னத்துக்கு ஆகும்?"

பானுப்பிரியா மவுஸை நகர்த்திப் படத்தை அழித்தாள்.

"அழிச்சிட்டேன் சார்."

ராஜபாண்டியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரப் பொண்ணு. எந்த ஊரும்மா?"

"எம். புதுப்பட்டி. நீங்க அழிக்கச் சொன்னது எங்க அம்மா சோலையம்மாள."

அவர் முகம் வெளிறியது. பானுப்பிரியா எழுந்து நின்றாள்.

"காலையிலேயே அந்தப் படத்தப் பிரிண்ட் எடுத்து ஆபீசர் கையில குடுத்துட்டுத்தான் வேலைக்கு வந்தேன். இப்பச் சொல்லுங்க, எங்க அம்மா உங்க ஆளு இல்லையா?"