கோட்டுக்கு வெளியே

பாதி திறந்த கராஜ் கதவின் கீழே நுழைந்த சன்னிவேல் நகரத்து வெயில் பாசிலின் ஸ்க்ரோல் ரம்பத்தின் மேல் கிடக்கிறது. நூல் மாதிரியான பிளேடு, பாதி அறுத்த மர யானையின் காதருகே அப்படியே நிற்கிறது. மகள் ஹஃப்சாவுக்காக, யாஹூ குரூப்பில் யாரோ போட்ட படத்தை மரத்தில் ஒட்டி அறுத்துக்கொண்டிருந்தவன், போன மாதம் தண்ணீர் குடிக்க எழுந்துபோய் கிச்சனிலேயே விழுந்து இறந்துபோனான். "சனிக்கிழமை அவளுக்கு பர்த்டேண்ணே. முடிச்சுக் குடுத்துடுங்க." கணவன் இறந்தபின் வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கும் பாசிலின் மனைவி ஷஹீமாவின் குரல் மட்டும் உள்கதவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. "சரிம்மா" என்று ஸ்டூலில் உட்காருகிறான் பாசிலின் நண்பன் கந்தசாமி. பாசில் அறுத்தவரைக்கும் படத்தின் கறுப்புக் கோடு அழியாமல், அதற்கு வெளியே முடியளவு மரம் மிச்சமிருக்கிறது. வாராவாரம் இருவரும் சேர்ந்து அறுக்கும்போதெல்லாம் இதற்குத்தான் சண்டை. "கோட்டு மேலயே போடா. அப்புறம் யாரு உக்காந்து தேய்க்கிறது?" என்பான் கந்தசாமி. "உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுலதான்டா சுகமே" என்பான் பாசில். ஸ்விட்சைப் போட்டதும் பிளேடு துடிக்கிறது. கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் அதில் அமுங்கிப்போகிறது. கந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே முடியளவு தள்ளி மரத்தை நகர்த்துகிறான்.