பக்கத்துக் கதிரை

"சேர், எனக்கொரு கேள்வி."

தொடங்கிவிட்டாள்! தாரிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வேலணைக்கு வந்து சேருவாள் இந்தச் சுலக்சனா. வந்து தாரிகாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க முதலே கையைத் தூக்கிவிடுவாள்.

"நான் செய்த அப் என்ரை போனிலை நல்லா வேலை செய்யுது சேர். அம்மான்ரை போனிலை இன்ஸ்டோல் ஆகுதில்லை. ஏன்?"

கைபேசிக்குச் செயலி செய்யப் பழக்கும் வகுப்பு அது. முதல் பாடத்திலேயே சொன்ன விஷயம்! பின்வரிசையில் ஜெகதீஸ் களுக்கென்று சிரித்தான்.

கோபிசங்கர் சேர் மட்டும் சிரிக்கவில்லை. "அது பழைய போனாக்கும். எந்த அன்ட்ரொயிட்டிலை இருந்து வேலை செய்யவேணும் எண்டு நீர் ஒரு இலக்கம் போட்டிருப்பீர். அதைக் குறைச்சுப் பாரும்."

"அரிவரி வகுப்பிலை இருத்த வேண்டிய ஆளை இஞ்சை விட்டிருக்கினம்" என்று தாரிகா பின்னால் திரும்பி ஜெகதீஸிடம் முணுமுணுத்தாள்.

முணுமுணுத்த கையோடு தன்னுடைய செயலியிலும் அந்த இலக்கத்தைக் குறைத்து வைத்தாள். அது வேறு விஷயம்.

வகுப்பு முடிய ஒரே ஒருவரைச் சேர் தன் யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் வேலைக்கு எடுப்பார். அந்த வேலை தாரிகாவுக்குக் கட்டாயம் வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பா திரும்ப மாத்தறைக்குக் கூப்பிட்டுக் கடைக் கல்லாவில் குந்தவைத்து விடுவார். பிறந்ததிலிருந்து பார்த்த பருப்பு மூட்டையும் சீனி மூட்டையும் போதுமடா சாமி என்றுதான், சரவணையில் மாமி வீட்டுக்கு வந்து நிற்கிறாள்.

அவளுடைய செயலி, இண்டைக்குப் படகு ஓடுமா என்று சனத்துக்குச் சொல்லும். சுலக்சனாவுடையது? மாடு! துலைந்த மாட்டை அதன் உடம்பில் சுட்ட குறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதாம். மாட்டுக்கும் ஒரு அப்பாம், கேளுங்கோவன்!

அதையாவது ஒழுங்காகச் செய்கிறாளா? தன் வேலையை விட்டுவிட்டுத் தாரிகாவின் ஸ்கிரீனையே எட்டி எட்டிப் பார்ப்பாள். கொப்பியடிக்கிற பழக்கம் எங்கே போகும்! தாரிகா லப்டொப்பை மற்றப் பக்கம் திருப்பி வைப்பாள்.

அடுத்த கிழமை திரும்பவும் கை மேலே.

"சேர், அப்பைப் பொதி செய்யேக்கை கையெழுத்துச் சாவி எண்டொரு ஃபைல் வருமெல்லோ? அதை ஆரும் தெரியாமல் அழிச்சுப்போட்டால் என்ன செய்யிறது?"

"வீட்டுத் திறப்பையும் துலைச்சிருப்பா" என்றான் ஜெகதீஸ். தாரிகாதான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தாள்.

"இன்னும் பிளே ஸ்ரோரிலை போடேல்லையெண்டால் பயப்பிடத் தேவையில்லை. புதுச் சாவி ஒண்டு செய்து திரும்பப் பொதி செய்யும். இனியாவது அதை வேறொரு இடத்திலையும் பத்திரமா வையும்" என்றார் சேர்.

அன்று மத்தியானம் புதுச் சாவி ஒன்றைச் செய்து வைத்த பிறகுதான் தாரிகாவுக்குச் சோறு இறங்கியது. அதுவும் வேறு விஷயம்.

கடைசி வகுப்பில் கேட்டாளே ஒரு கேள்வி!

"சேர், அப்பை மூடுற பட்டனிலை 'போறன்' எண்டு போடலாமோ?"

சேருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கடலாலை போய் வாற சனம் பிள்ளை. படகு ஏறேக்கை ஆராவது 'போறன்' எண்டு சொல்லுவினமோ? அந்தப் பட்டனை ஒருத்தரும் அமத்தமாட்டினம். போய்த் திரும்பி வாறமாதிரி 'போட்டு வாறன்' எண்டு போடும்."

நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே! தாரிகாவுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. சிரித்துக்கொண்டே ஒருவருக்கும் தெரியாமல் தன் பட்டனில் இருந்த 'போறன்' என்பதை அழித்தாள். மாத்தறையில் வளர்ந்தவளுக்கு அவசரத்தில் அப்படித்தான் வந்திருந்தது.

மற்ற நாள் முடிவு வந்தது. வேலை சுலக்சனாவுக்கு!

தாரிகாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே சேரின் மேசைக்குப் போய் நின்றாள்.

"சேர், இது அநியாயம். ஒண்டும் தெரியாமல் ஒவ்வொரு கிழமையும் அரிவரிக் கேள்வி கேட்டவவுக்கு வேலை. ஒரு கேள்வியும் கேளாமல் அப்பைச் செய்து முடிச்ச நான் வெளியிலை. அவ என்ரை ஸ்கிரீனை எட்டிப் பாத்துக் கொப்பியடிச்சவ, தெரியுமோ?"

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவவின்ரை அப் வகுப்புப் பாதியிலையே ஸ்ரோருக்குப் போட்டுது தாரிகா. எனக்கே நேற்றுத்தான் தெரியும். பழைய போனிலையும் வேலை செய்யுது. மூடுற பட்டனிலை முதல் நாளிலையிருந்தே 'போட்டு வாறன்' எண்டுதான் கிடக்குது."

"அப்ப... பிறகேன் அந்தக் கேள்வியள்?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'கேக்க வெக்கப்படுற ஒராளுக்காண்டிக் கேட்டனான் சேர்' எண்டா. அது ஆரெண்டு எவ்வளவோ கேட்டும் பேர் சொல்லேல்லை."

சேர் தாரிகாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் பக்கத்துக் கதிரையிலைதானே இருந்தனீர். அது ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"